மாயமும் மெய்யும்

ஓய்வு பெற்ற ஆசிரியனுக்குப் பொழுது தாராளமாகக் கிடைக்கிறது. அண்மையில் உத்திரமேரூரில் வீட்டிலிருந்தபடியே ஒரு மாயப் படத்தை மறுபடியும் பார்த்தேன். ஓர் இயற்கை நூலையும் படித்தேன். ஒன்று கற்பனை, மற்றொன்று உண்மை. ஆயினும் இரண்டும் தந்த வியப்பு ஒன்றே.

படம், 1957-இல் கே. வி. ரெட்டியின் இயக்கத்தில் வெளிவந்த 'மாயாபஜார்'. கடோற்கசனாக வரும் எஸ். வி. ரங்காராவ் கல்யாண விருந்தை உண்ணும் காட்சியைக் கண்டு சிரிக்காத குழந்தை உண்டா? என்னைக் கவர்ந்ததோ வேறு காட்சி. கடோற்கசன் வத்ஸலையின் உருவெடுக்கிறான். அந்த மாய வத்ஸலையாக நடிப்பவர் சாவித்திரி. உருவம் மெல்லியலாளுடையது; மிடுக்கும் பார்வையும் அரக்கனுடையவை. பிறரைக் கூர்ந்து நோக்கியவருக்கே அத்தகைய நடிப்புக் கைவரும்.

நூல், மா. கிருஷ்ணனின் 'மழைக்காலமும் குயிலோசையும்'. நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வரான கிருஷ்ணன் (1912–1996), வனவிலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தவர், சித்திரமும் வரைந்தவர். அவருடைய தமிழ்க் கட்டுரைகளை சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். நாம் நாள்தோறும் பார்த்தும் பாராமல் விடும் உயிர்களை, நின்று பார்க்கச் செய்யும் எழுத்து அது.

அந்தக் கண்ணோடு வேடந்தாங்கலுக்குச் சென்று பாருங்கள். எங்கள் ஊரிலிருந்து வெகு தொலைவில்லை. நத்தைகுத்தி நாரை அலகை மூடினாலும் நடுவே ஓர் இடைவெளி தெரியும். நத்தையைப் பற்றி எடுக்க உதவும் அலகு அது. குஞ்சுக்கு அவ்விடைவெளி கிடையாது. வளர வளரவே உண்டாகிறது. மாயப் படத்து விந்தைக்கு இது எவ்வகையில் குறைந்தது? பறவை எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாவதை அறிந்த அவ்வூரார், தலைமுறை தலைமுறையாக அவற்றைக் காத்து வருகின்றனர்.

ஆனால் கூடு கட்டும் ஏரியொன்றை மட்டும் காத்தால் போதாது. இரை தேடி அப்பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளையும் கழனிகளையும் நாடுகின்றன. நீரும் நத்தையும் அற்ற கழனிக்கு நாரை எதற்காக வரும்?

தெலுங்கு 'மாயாபஜார்' படத்துக்கு 2010-இல் வண்ணம் ஏற்றிப் புதிதாக வெளியிட்டார்கள். மங்கிய படத்தை அவ்வாறு மீட்டுவிடலாம். தூர்ந்த ஏரியையும் அகன்றுபோன பறவைகளையும் அத்துணை எளிதில் மீட்க இயலாது. ஆகவே பெற்றோர்களே, குழந்தைகளுக்கு மாயப் படத்தைக் காட்டுங்கள். மார்கழியில் ஏரிக்கரைக்கும் அழைத்துச் செல்லுங்கள். வியக்கக் கற்ற பிள்ளை, வியந்த பொருளை அழிய விடமாட்டான்.