'கம்யூனிகேஷன் பத்தாது'ன்னு சொன்னா கலங்காதீங்க! வேலை தேடும் தம்பி, தங்கைகளுக்கு வடபழனியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்

தம்பிகளே, தங்கைகளே, பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்திருக்கும் பெற்றோர்களே, இதை போனில் படிக்கப்போகும் உறவுகளே!

இன்னைக்குத் தேர்தல் பேச்சு கிடையாது. வேலையைப் பற்றி மட்டும் பேசுவோம். நம்ம வீட்டுப் பிள்ளை டிகிரி முடிக்குது. அரியர் இல்ல, மார்க்கும் இருக்கு. ஆனா இன்டர்வியூ முடிஞ்சதும் 'கம்யூனிகேஷன் பத்தாது'ன்னு ஒரே வரியில் அனுப்பிடுறாங்க. வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த பிள்ளை அந்த வரியைக் கேட்டு என்ன நினைக்கும்? 'நமக்கு இங்கிலீஷ் வராது, நம்ம தலையெழுத்து இவ்வளவுதான்'னு நினைக்கும். அந்த நினைப்பை இந்த ஹாலிலேயே விட்டுட்டுப் போகணும். அதுக்குத்தான் இந்தக் கூட்டம்.

கம்யூனிகேஷன்னா என்னன்னு தெரிஞ்சுக்க வெளியூர் போக வேண்டாம். காரைக்குடியில் இருந்த ஏவி.எம். ஸ்டுடியோ 1948-ல் இந்தப் பக்கம் வந்தது. அதிலிருந்து இந்த வட்டாரத்தில் எத்தனையோ குடும்பங்கள் சினிமா வேலையை நம்பி வாழ்ந்திருக்கு. ஷூட்டிங் எதை வைத்து நடக்குது? யார், எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்கு, என்னத்தோட வரணும்? இந்த நாலும் எல்லாருக்கும் ஒரே மாதிரி போய்ச் சேரணும். ஒண்ணு தவறினாலும் மொத்த யூனிட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆபீசும் அப்படித்தான். எதிராளிக்கு மறுபடி சந்தேகம் வராத மாதிரி சொல்றதுதான் கம்யூனிகேஷன்.

ஒரு உதாரணம். காலை 10 மணிக்குக் கொடுக்க வேண்டிய பில் கணக்கு முடியல. பயந்து போய் வாயை மூடிக்கிட்டு இருந்தா, பத்தரைக்குத் திட்டு விழும். முதல் நாள் சாயங்காலமே இப்படி ஒரு மெசேஜ் போடுங்க: "சார், பில் கணக்கு இன்னும் முடியவில்லை. இரண்டு ரசீது வர வேண்டியிருக்கிறது. நாளை மதியம் 2 மணிக்குள் கொடுத்துவிடுகிறேன்." என்ன நிலைமை, ஏன், எப்போ முடியும்? மூணே வரி. கெட்ட செய்தியை முன்கூட்டியே சொல்ற ஊழியரை எந்த மேனேஜரும் விட்டுக்கொடுக்க மாட்டார்.

இன்டர்வியூவில் முதல் கேள்வி, 'உங்களைப் பற்றிச் சொல்லுங்க.' அப்பா பேரு, சொந்த ஊரு, பொழுதுபோக்குன்னு மனப்பாடமா ஒப்பிக்காதீங்க. என்ன படிச்சீங்க, உங்க கையால என்ன செஞ்சீங்க, இந்த வேலையை ஏன் கேக்குறீங்க, இதைச் சொல்லுங்க. அம்மாவோட இட்லிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கீங்களா? தைரியமா சொல்லுங்க. கணக்கும் வாடிக்கையாளரைச் சமாளிக்கிறதும் தெரிஞ்ச ஆள்னு அதுக்கு அர்த்தம். தெரியாத கேள்விக்கு, "இது தெரியாது சார், இதுவரைக்கும் தெரியும்"னு நேராச் சொல்லுங்க. வேலையில் சேர்ந்ததும் சின்ன நோட்டு ஒண்ணு வெச்சுக்குங்க. சொன்ன வேலையைக் குறிச்சு, "இதைத்தானே சார் கேட்டீங்க?"ன்னு ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க. பாதித் தப்பு அங்கேயே நின்னுடும்.

சரி, இங்கிலீஷே வேண்டாமா? வேணும். வெளிநாட்டு வாடிக்கையாளரோடு பேசுற வேலைக்குக் கண்டிப்பா வேணும். ஆனா அது கைத்தொழில் மாதிரி, பழகப் பழக வரும். தினம் 15 நிமிஷம் சத்தமா வாசிச்சு, போனில் பதிவு பண்ணி, நீங்களே கேளுங்க. தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் இருக்கு. ஒன்றிய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவைத் தளம் 2015-லிருந்து இருக்கு. கிண்டியில் வேலைவாய்ப்புத் துறை இருக்கு, இங்கிருந்து ரொம்ப தூரமில்ல. எந்த ஆட்சியில் வந்ததுன்னு பார்த்து ஒதுங்காதீங்க. எல்லாம் நம்ம வரிப்பணம்.

இன்னொரு பக்கமும் இருக்கு. பதில் சொல்லத் தெரிஞ்சா மட்டும் போதாது, கேள்வி கேட்கவும் தெரியணும். கையில் எவ்வளவு வரும்னு கேளுங்க. அப்பாயின்ட்மென்ட் ஆர்டரை வாங்கி முழுசாப் படிங்க. வருங்கால வைப்பு நிதிக்கு உங்க சம்பளத்தில் 12 சதவீதம் பிடிச்சா, நிறுவனமும் தன் பங்கைக் கட்டணும். இ.எஸ்.ஐ. என்றால் மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு 0.75 சதவீதம்தான் உங்க பங்கு, 3.25 சதவீதம் முதலாளி பங்கு. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கிற தங்கைகளே, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரணும்னு 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்தாச்சு. 10 பேரோ அதுக்கு மேலோ வேலை செய்ற இடத்தில், பாலியல் தொல்லை புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருக்கணும்னு 2013-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்லுது. அந்தக் குழுவில் யார் இருக்காங்கன்னு சேர்ந்த வாரமே கேட்டு வைங்க.

கடைசியா ஒரு எச்சரிக்கை. வேலைக்குப் பணம் கேட்டா எழுந்து வந்துடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டுங்க, கையில் கொடுத்துட்டு வராதீங்க. தாய்லாந்தில் ஐ.டி. வேலைன்னு நம்பிப் போன நம்ம பிள்ளைகள் மியான்மரில் மோசடிக் கும்பலிடம் சிக்கி, 2022-ல் மீட்கப்பட்டு வந்ததை மறந்துடாதீங்க. வெளிநாட்டு வேலைன்னா, ஏஜென்ட் பதிவு பெற்றவரான்னு 'இ-மைக்ரேட்' அரசுத் தளத்தில் பார்த்துட்டு அப்புறம் பேசுங்க.

நம் தொண்டர்களுக்கு ஒரு வேண்டுகோள். போஸ்டர் ஒட்டுற அதே கையால, உங்க தெருவில் வேலை தேடுற ரெண்டு பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்கார வையுங்க. பயோடேட்டா எழுத உதவுங்க. நீங்களே அதிகாரி மாதிரி எதிரில் உட்கார்ந்து அரை மணி நேரம் கேள்வி கேளுங்க. அந்த அரை மணி நேரம் ஒரு வீட்டில் மாசாமாசம் சம்பளமா வந்து சேரும்.