வாடகை வீட்டில் முதல் இரவு

முன்பணம் கொடுத்து, சாவி வாங்கி, சாமான் இறக்கியதும் குடியேறிவிட்டோம் என்று நினைக்கிறோம். விளக்கை அணைத்த பிறகுதான் ஊர் புதிது என்பது தெரியும்.

அவிலா நகர்ப் புனித தெரேசா 1570-ஆம் ஆண்டு, அனைத்துப் புனிதர் பெருவிழாவுக்கு முந்தின நாள், ஸ்பெயினின் பழைய பல்கலைக்கழக நகரான சலமான்காவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 55. கார்மேல் மடத்துக்காக வாடகைக்குப் பேசிய பெரிய வீட்டில் மாணவர்கள் குடியிருந்தார்கள். அவர்கள் காலி செய்வதற்குள் இரவாகிவிட்டது. வீடெல்லாம் ஒரே குப்பை. (மாணவர் அறை எந்த நூற்றாண்டிலும் அப்படித்தான் போலும்!)

பெருவிழா இரவில் அங்கே அவரும் மரியா என்ற சகோதரியும் மட்டுமே. படுக்கை வைக்கோல், போர்வை இரவல். மறுநாள் கல்லறைத் திருநாள் என்பதால் ஆலய மணிகள் துக்கமாக ஒலித்தன. மனமில்லாமல் போன மாணவன் எவனாவது உள்ளே ஒளிந்திருப்பானோ என்று மரியாவுக்கு நடுக்கம். அன்னை இப்போதே இறந்துபோனால் தான் தனியாக என்ன செய்வது என்றும் கேட்டுவிட்டார். தெரேசாவுக்கும் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும், அது நடக்கும்போது யோசித்துக்கொள்ளலாம், இப்போது தூங்கவிடு என்றாராம்.

இருவரும் தூங்கிப்போனார்கள். மறுநாள் மற்றச் சகோதரிகள் வந்து சேர்ந்தார்கள்.