பல்லைப் பிடித்துப் பார்த்து வாங்குங்கள்!
(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"அமெரிக்காவிலே இத்தனை வருஷம் இருந்திருக்கே, உபயோகமா ஏதாவது பேசு, சுயபுராணம் வேண்டாம்" என்று செயலாளர் கட்டளை போட்டுவிட்டார். இங்கே இருப்பவர்களில் பலருடைய பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆகவே பழைய கேம்பர் டிரெய்லர் வாங்குவதைப் பற்றிச் சொல்கிறேன். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற சின்ன வீடு அது. கட்டில், அடுப்பு, ஃபிரிட்ஜ், கக்கூஸ் எல்லாம் உள்ளேயே உண்டு. இவற்றில் பெரும்பகுதி இண்டியானா மாநிலத்து எல்கார்ட் வட்டாரத்தில் தயாராகிறது.

ஒஹையோவில் நம் கல்லூரி ஜூனியர் ஒருவர், சிவில் பிரிவு, போன் பண்ணினார். ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, கேம்பர் இருந்தால் போகிற இடத்தில் குக்கர் வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணம். 2012 மாடல், 9,000 டாலர். இரண்டு வருஷச் சேமிப்பு. "அண்ணே, நீங்க மெக்கானிக்கல், ஒரு நடை வந்து பாத்துச் சொல்லுங்க" என்றார்.

நம்மூர்ச் சந்தையில் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் யாராவது வாங்குவார்களா? கேம்பருக்குப் பல் என்பது தண்ணீர் புகுந்த தடம்தான். மற்றதெல்லாம் அப்புறம். வெளியே அலுமினியத் தகடோ ஃபைபர் கண்ணாடியோ பளபளக்கும். உள்ளே எலும்புக்கூடு பல வண்டிகளில் மரச்சட்டமும் பிளைவுட்டும்தான். கூரை ஓரத்துப் பூச்சு விரிந்தால் மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கி மரத்தைத் தின்றுவிடும். அதனால் ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். புதுப் பூச்சு அப்பிக் கிடந்தால் ஏன் என்று கேளுங்கள். சுவரைச் சாய்ந்த வெயிலில் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் உப்பல் தெரியும். உள்ளே அலமாரிகளின் மேல் மூலை, கட்டிலுக்கு அடி, சிங்குக்கு அடி, கக்கூஸைச் சுற்றிய தரை, எல்லாவற்றையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஈரம் காட்டும் மீட்டர் சில பத்து டாலருக்குக் கிடைக்கிறது.

அந்த வண்டிக்குள் நுழைந்ததும் ஊதுபத்தி ஸ்டோர் மாதிரி வாசனை. எனக்கு அப்போதே சந்தேகம். பின்பக்கக் கட்டிலின் பலகையைத் தூக்கி மூலையை அழுத்தினேன். இட்லி மாதிரி விரல் உள்ளே போயிற்று. விற்கிறவர் நல்ல மனிதர்தான், வாதாடவில்லை. உடனே 2,500 டாலர் குறைத்தார். நம் ஜூனியருக்கு ஆசை விடவில்லை, பலகையை மாற்றிக்கலாமே என்றார். அவர் மனைவிதான், "மாமா, அத்தை படுக்கிறது அந்த மூலையிலதானே, ஈரச்சுவர்ல பூஞ்சணம் இருந்தா அத்தையோட ஆஸ்துமாவுக்கு என்ன பண்றது?" என்று கேட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

சுருக்கமாக மற்றவை. டயரில் டி.ஓ.டி. எழுத்துக்குப் பின் கடைசி நாலு எண் தயாரித்த வாரமும் வருஷமும்: 2318 என்றால் 2018-இன் 23-ஆம் வாரம். டிரெய்லர் டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிச் சாகும். பட்டன் நன்றாயிருக்கிறதே என்று மயங்காதீர்கள். ஃபிரிட்ஜ் பழைய வண்டிகளில் பெரும்பாலும் கம்ப்ரசர் இல்லாத அம்மோனியா வகை, குளிர மணிக்கணக்கில் ஆகும். முதல் நாள் இரவே போட்டு வைக்கச் சொல்லுங்கள். பின்புறம் மஞ்சள் பொடி கண்டால் ஆயுள் முடிந்தது. கேஸ் இணைப்புகளுக்குச் சோப்புத் தண்ணீர் நம் வீட்டு முறைதான். புரோப்பேன் காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கும். ஆகவே கசிவு மணியும் தரையருகே இருக்கும், அதற்கும் காலாவதித் தேதி உண்டு. குளிர் மாநிலத்து வண்டியென்றால் குழாய் உறைந்து வெடித்திருக்கலாம், தண்ணீரைத் திறந்துவிட்டுப் பார்க்காமல் பணம் நீட்டாதீர்கள்.

எடை விஷயத்தில் கணக்கு வாத்தியாராக இருங்கள். உச்ச எடை வண்டியின் பக்கத்தில் ஒட்டியிருக்கும். 40 காலன் தண்ணீரே 330 பவுண்டைத் தாண்டும். மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும், குறைந்தால் நெடுஞ்சாலையில் வால் ஆடும், காரையும் சேர்த்து.

பத்திரத்தில் உள்ள எண்ணும் சட்டத்தில் உள்ள எண்ணும் ஒன்றா, கடன் பாக்கி உண்டா என்று பாருங்கள். 2005 கத்ரீனா புயலுக்குப் பின் அகதிகளுக்கு அரசு கொடுத்த டிரெய்லர்களில் ஃபார்மால்டிஹைடு வாயு அதிகம் என்று 2008-இல் சோதனையில் தெரிந்தது. பின்னர் அவை குடியிருக்க ஆகாது என்ற ஸ்டிக்கரோடு ஏலத்தில் போயின. ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டு விற்கிறவன் எங்கும் உண்டு.

ஜூனியர் இரண்டு மாதம் கழித்து வேறொன்று வாங்கினார், சின்னது, பழையது, ஆனால் காய்ந்த மரம். பெரியவர்கள் ஸ்மோக்கி மலை வரை போய் வந்தார்கள். குக்கர் விசில் கேட்டுப் பக்கத்துக் கூடாரக்காரர் ஓடி வந்ததாகக் கேள்வி.

பந்திக்கு இலை போட்டாயிற்று என்று செயலாளர் கையைக் காட்டுகிறார். மிச்சக் கேள்விகளை என் பக்கத்து இலையில் உட்கார்ந்து கேளுங்கள்.