அன்றாடக் குறிப்பும் இலக்கியமும்

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரை)

 

பத்தாண்டு என்பது ஓர் இலக்கிய அமைப்பிற்குச் சிறிய காலமன்று. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களில் பகலெல்லாம் ஆலையிலும் அலுவலகத்திலும் உழைத்து, மாதந்தோறும் ஒரு ஞாயிறு மாலையைத் தமிழுக்கென ஒதுக்கிய அன்பர்களால் வளர்ந்தது இவ்வட்டம். ஆதலின், உழைப்பவர் தம் அன்றாட வாழ்வை எழுதும் எழுத்தைப் பற்றிப் பேசுவது இவ்விழாவிற்குப் பொருந்தும் எனக் கருதினேன்.

சில திங்களுக்கு முன் நம் கூட்டமொன்றில் எழுந்த விவாதம் உங்களுக்கு நினைவிருக்கும். தொழிற்பேட்டையில் இணையத்தளங்களை உருவாக்கும் பணியிலுள்ள இளைஞர் ஒருவர் தம் நாட்குறிப்பிலிருந்து சில பக்கங்களைப் படித்தார். அன்று கணிப்பொறியில் செய்த வேலை, உண்ட உணவு, காதில் விழுந்த செய்தி ஆகிய மூன்றுமே அவற்றின் பொருள். படித்து முடித்ததும் மூத்த கவிஞர் ஒருவர் எழுந்து, "இதில் இலக்கியம் எங்கே இருக்கிறது? கணக்குப்பிள்ளையின் பேரேட்டிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?" என்று வினவினார். இளைஞர் விடை கூறாது அமர்ந்தார். அடுத்த இரு கூட்டங்களுக்கும் அவர் வரவில்லை. அவ்வினா நேர்மையான வினா, விடை பெறத்தக்கது.

பேரேடு என்றதும் என் நினைவிற்கு வருபவர் ஆனந்தரங்கப் பிள்ளை. நம்மில் பலர் நாள்தோறும் மின்சார இரயிலில் கடந்து செல்லும் பெரம்பூரில் 1709ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தையாருடன் புதுச்சேரிக்குச் சென்று வணிகராகவும், 1747இல் துய்ப்ளேயின் தலைமைத் துபாசியாகவும் உயர்ந்தார். 1736 செப்டம்பர் 6ஆம் நாள் குறிப்பெழுதத் தொடங்கி, 1761 சனவரியில் மறையும் காலம் வரை ஏறத்தாழக் கால் நூற்றாண்டு எழுதினார். அவரும் தம்மை இலக்கியம் படைப்பவராக எண்ணியிருக்க மாட்டார். கப்பல் வந்த நாள், வெடித்த பீரங்கி மரியாதையின் எண்ணிக்கை, சரக்கின் விலை, சோதிடப் பலன், ஆளுநர் மாளிகையில் கேட்ட பேச்சு ஆகியவற்றையே அன்றைய பேச்சுத் தமிழோடு நெருங்கிய நடையில் எழுதி வைத்தார். 1746இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியதும், 1748இல் புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் அக்குறிப்பில் ஒரு தமிழரின் கண்வழியே பதிவாகியுள்ளன. அக்காலத்துப் புலவர் பலர் புரவலரைப் புகழ்ந்து பிரபந்தம் பாடினர். ஆனால், அன்று மக்கள் எவ்வாறு பேசினர், எதற்கு அஞ்சினர் என்று அறிய விழையும் நாம் இந்த வணிகரின் குறிப்பைத்தான் நாடுகிறோம்.

இனி நம் இளைஞரின் பக்கங்களுக்கு வருவோம். மூன்று இடங்களை மட்டும் எடுத்துக் காட்டுகிறேன்.

முதலாவது, தொழில் பற்றியது. உணவகம் ஒன்றிற்காக அவர் அமைத்த பக்கத்தில், விலைப்பட்டியலிலிருந்த 'சாம்பார்' என்னும் சொல் 'சாம்பார' என்று தோன்றியதாம். காரணத்தை அவர் தேடிக் கண்டிருக்கிறார். நம் கண்ணுக்குச் 'சாம்பார்' நான்கெழுத்து. ஒருங்குறி முறையிலோ உயிர்மெய்யின் காலும், மெய்யின் புள்ளியும் தனித்தனிக் குறிகளாகவே வைக்கப்படுகின்றன. ஆதலால் பொறிக்கு அது எட்டு. இடம் போதாமல் ஏழு குறிகளோடு நறுக்கியபோது கடைசிப் புள்ளி விழுந்துவிட்டது. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியர் வகுத்த இலக்கணம். அப்புள்ளியைப் பொறி தனியே எண்ணினால் என்ன நேரும் என்பதை அவர் உணவகப் பட்டியலில் கண்டு எழுதியுள்ளார். அசை பிரிக்கும் நம் பாவலர்கள் இதன் சுவையை உடனே உணர்வார்கள். ஒரு புள்ளி விழுந்ததால் தேமா தேமாங்காயாகிவிட்டது!

இரண்டாவது, உணவு பற்றியது. தொழிற்பேட்டையின் தேநீர்க் கடையொன்றில், வடையும் சுண்டலும் விற்ற இடத்தில் இப்போது ரொட்டியும் பருப்பும் விற்கின்றன என்றும், கரும்பலகையில் தமிழுக்குக் கீழே இந்தியிலும் விலை எழுதப்பட்டுள்ளது என்றும் அவர் குறித்திருக்கிறார். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து நம் பட்டறைகளில் உழைப்போரின் வரவு இரண்டு வரிகளில் அடங்கிவிட்டது. அவர் வியக்கவுமில்லை, வெறுக்கவுமில்லை, கண்டதை எழுதினார்.

மூன்றாவது, செய்தி பற்றியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் அம்பத்தூர் தொழிற்பேட்டை வெள்ளத்தில் மூழ்கியதை நாம் அறிவோம். நாளேடுகள் இழப்பைக் கோடிகளில் எழுதின. நம் இளைஞரோ, தம் மேசையின் எந்த இழுப்பறை வரை நீர் ஏறியது, அடுத்த பட்டறைக்காரர் நனைந்த மோட்டாரை எத்தனை நாள் வெயிலில் காய வைத்தார் என்று எழுதினார்.

அவையோரே, எழுதியதெல்லாம் இலக்கியமாகிவிடும் என்று நான் கூறவில்லை. சோம்பலாய் எழுதப்பெறும் நாட்குறிப்பும் உண்டு. தன்னைப் பெரிதுபடுத்த எழுதப்பெறுவதும் உண்டு. கண்டதைக் கண்டவாறு, அளவோடும் பெயரோடும் சொல்லும் நேர்மை எங்கே உண்டோ, அங்கே இலக்கியத்தின் வித்து உண்டு. அந்நேர்மை இப்பக்கங்களில் இருக்கிறது. பேரேட்டிற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று வினவிய கவிஞர் அவர்கட்கு என் விடை இதுதான்: பேரேடு பொருளை மட்டும் எண்ணும், இக்குறிப்பு பொருளோடு பொருளுக்குரிய மனிதரையும் எண்ணுகிறது.

இங்கே கவலையொன்றும் உண்டு. ஆனந்தரங்கரின் குறிப்பு நமக்குக் கிடைத்தது தற்செயல். அவர் மறைந்து எண்பத்தைந்து ஆண்டுகள் சென்றபின், 1846இல் கலுவா மோம்ப்ரன் என்னும் பிரெஞ்சுக்காரர் அதைக் கண்டறிந்து படியெடுத்தார். பின்னர் 1904 முதல் 1928 வரை சென்னை அரசு அதன் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. படியெடுத்த கைகள் இல்லையேல் அக்கால் நூற்றாண்டு நமக்கு இல்லை. ஓலைக்குச் செல்லைப் போலக் கணிப்பொறி எழுத்திற்கும் பகையுண்டு. ஒருங்குறி பரவுமுன், தளத்திற்கொரு எழுத்துருவில் எழுதப்பெற்ற தமிழ்ப் பக்கங்கள் பல, அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் இன்று பொருளற்ற குறிகளாகத் தோன்றுகின்றன. உலகெங்கும் எளிய மக்கள் தம் பக்கங்களை இலவசமாக வைத்திருந்த ஜியோசிட்டீஸ் 2009இல் மூடப்பட்டபோது, படியெடுக்கப்படாதவை அதனோடு மறைந்தன.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின்வழி, பல நாட்டுத் தமிழர் ஊதியம் கருதாது பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் ஏற்றினர். கோட்டையூர் ரோஜா முத்தையா நூல்களோடு திருமண அழைப்பிதழையும் நாடக நோட்டீசையும்கூடச் சேர்த்து வைத்தார். அவர் பெயரால் 1994இல் அமைந்த ஆராய்ச்சி நூலகம் தொடக்கத்தில் நம் முகப்பேரில்தான் இயங்கியது. எளியது என்று பிறர் எறிந்ததை அவர் எடுத்து வைத்தமையால் ஆய்வாளர்க்கு இன்று அது கருவூலம்.

ஆகவே, நம் வட்டத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். மாதக் கூட்டத்தில் கவியரங்கிற்கு முன் பத்து நிமிடம் 'அன்றாடக் குறிப்பு' படிக்க ஒதுக்குக. கடைசல் பட்டறையில் நிற்பவரும், படைத்துறை ஆலைக்குச் செல்பவரும், இல்லத்தில் சமைப்பவரும் தத்தம் தொழிற்சொல்லோடு எழுதுக. அவ்வாறு படிக்கப்பெறுபவற்றை ஒருங்குறியில் சேமிப்பதோடு, ஆண்டுக்கொரு முறை தாளில் அச்சிட்டு நூலகங்கள் சிலவற்றிற்கேனும் அனுப்புக. ஓரிடத்தில் அழிந்தாலும் மற்றோரிடத்தில் எஞ்சும்.

இவற்றிற்கெல்லாம் முன் செய்ய வேண்டிய பணி ஒன்றும் உண்டு. கூட்டத்திற்கு வாராதிருக்கும் அவ்விளைஞரை நம்முள் எவரேனும் நேரில் சென்று அழைத்து வர வேண்டும். வினவிய கவிஞர் அவர்களே அழைக்கச் சென்றால் அது இவ்வட்டத்திற்குப் பெருமை சேர்க்கும்.