உப்புக் காற்றில் ஒரு தூண்டில் கழி
(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறீர்கள், பத்து நிமிஷம் பேசுங்கள் என்று செயலாளர் கேட்டார். மரக்காணத்தில் உட்கார்ந்து ஒரு பழைய தூண்டில் கழியைப் பழுது பார்க்கிறேன் என்றேன். "சார், அது பத்து நிமிஷம் தாங்குமா?" என்றார். கழி தாங்கும். நீங்கள் தாங்குவீர்களா என்பதுதான் என் கவலை.

தூண்டில் கழி என்றதும் நம் குளத்தங்கரையில் பையன்கள் வைத்திருக்கும் ஒற்றை மூங்கில் குச்சியை நினைக்காதீர்கள். இது பிளவு மூங்கில் கழி. இங்கிலீஷ்காரன் ஸ்பிளிட் கேன் என்பான். மூங்கிலை ஆறு சிம்பாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கழி வரும். முக்கோணத்தின் கோணம் 60 டிகிரி. ஆறு அறுபது முந்நூற்று அறுபது, இடைவெளி கிடையாது. கணக்கு வாத்தியார் சந்தோஷப்படுவார். அடியிலிருந்து நுனிக்குப் போகப் போக மெலிய வேண்டும். அந்த மெலிவை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை அளந்து செய்தார்கள்.

ஏன் இவ்வளவு பாடு? மூங்கிலின் பலமெல்லாம் தோலுக்கு அடியில் இருக்கிற நாரில்தான். உள்ளே போகப் போக வெறும் சோறு. ஆறு சிம்பையும் தோல் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டினால், கழியின் ஆறு முகத்திலும் பலமான நார் வந்துவிடும். உள் சோற்றை இழைத்து எடுத்துவிடுகிறோம்.

இதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் கைவினைஞர்கள் இதற்குப் பயன்படுத்தியது கல்கத்தா துறைமுகம் வழியாகப் போன இந்திய மூங்கில். அவர்கள் வைத்த பெயரே கல்கத்தா கேன். நம் ஊரில் அதைக் கல்மூங்கில் என்போம். பிறகு தென் சீனாவிலிருந்து டோங்கின் மூங்கில் வந்து இதை ஓரங்கட்டியது. 1950-இல் அமெரிக்கா சீனச் சரக்குக்குத் தடை போட்டது. அதே காலத்தில் கண்ணாடி இழைக் கழியும் வந்தது. பிளவு மூங்கில் படுத்துவிட்டது. மதராஸ் சிவில் சர்வீஸில் இருந்த எச். எஸ். தாமஸ் என்ற அதிகாரி 1873-இல் இந்தியாவில் தூண்டில் போடுவதைப் பற்றி 'தி ராட் இன் இந்தியா' என்று ஒரு புத்தகமே எழுதினார். நம் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவதற்கென்று 1887-இல் இன்னொன்று. அந்தக் காலத்து துரைமார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப் போனவை இன்னும் சில வீட்டுப் பரண்களில் கிடக்கின்றன.

எனக்குக் கிடைத்ததும் அப்படித்தான். புதுச்சேரிப் பக்கம் ஒரு பழைய வீட்டை இடித்தபோது, மரச்சாமான் வாங்கி விற்கும் ஒருவர் துணிப்பையோடு கொடுத்தார். மூன்று துண்டு. செய்தவர் பெயர் தேய்ந்துவிட்டது. பித்தளைப் பூண்களில் பச்சைக் களிம்பு. இரும்பு வளையங்கள் துருவாகவே இருந்தன. நுனித் துண்டு பாதியில் முறிந்திருந்தது. அடித் துண்டில் பூணுக்குக் கீழே ஒரு சாண் நீளம் சிம்புகள் வாய் பிளந்திருந்தன.

நான் இங்கே படித்தது வேதியியல். அதனால் பிளந்த காரணம் உடனே பிடிபட்டது. அந்தக் காலத்துப் பசை வச்சிரம், அதாவது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. ஈரமும் சூடும் பட்டால் இளகும். அதை நம்பாமல்தான் அங்குலத்துக்கு அங்குலம் பட்டு நூல் சுற்றினார்கள். நூலுக்கு மேல் வார்னிஷ். வார்னிஷ் வெடித்தால் ஈரம் உள்ளே போகும். எங்கள் ஊர்க் காற்றில் உப்பு வேறு; உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வீட்டு உப்பு ஜாடியைப் பாருங்கள், புரியும்.

இங்கேதான் சண்டை. என்னோடு படித்த நண்பர் ஒருவர், இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், "முழுசாகச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எபாக்ஸி பூசிவிடடா, கண்ணாடி மாதிரி இருக்கும்" என்றார். இருக்கும்தான். ஆனால் உப்புத்தாள் முதலில் தின்பது தோலுக்கு அடியில் இருக்கிற அந்த நாரைத்தான். பளபளப்பு வரும், கழி போய்விடும். நான் மழுங்கிய கத்தி முதுகால் வார்னிஷை மட்டும் செதில் செதிலாக எடுத்தேன். இரண்டு வாரம் ஆனது. வீட்டில் பேச்சு வாங்கியது தனிக் கதை.

பிளந்த ஒரு சாணுக்கு மட்டும் எபாக்ஸிதான் போட்டேன். பழைய முறையை விடக் கூடாது என்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். உப்பளத்துப் பக்கத்தில் வச்சிரம் மறுபடி இளகும் என்று தெரிந்தும் அதையே போடுவது பக்தியே தவிரப் பழுது பார்ப்பது ஆகாது. மற்ற இடங்களில் பழைய பசை பிடித்திருக்கிறது, அதைத் தொடவில்லை. ஒட்டிய பிறகு நூலை இரண்டு திசையிலும் குறுக்காகச் சுற்ற வேண்டும். ஒரே திசையில் சுற்றினால் கழி முறுக்கிக்கொள்ளும்.

நடுத் துண்டில் ஒரு வளைவு இருந்தது. விளக்கில் காட்டி நிமிர்த்தலாம், ஆனால் அந்தச் சூட்டில் பசை விடும். அதனால் வளையங்களை எதிர் முகத்துக்கு மாற்றிக் கட்டினேன். மீன் இழுக்கும்போது வளைவு மறுபக்கம் போகும். இது பழைய ஆட்களின் தந்திரம், என் கண்டுபிடிப்பு அல்ல.

நுனிக்கு என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் கூடை முடையும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். கல்மூங்கில் ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். கத்தியை வைத்தார், இரண்டு பக்கமும் அழுத்தத்தை மாற்றி மாற்றிக் கொடுத்து நார் போகிற வழியிலேயே பிளந்தார். "மூங்கில் எங்க போகணும்னு சொல்லுதோ அங்க போகணும் தம்பி, நாம இழுக்கக் கூடாது" என்றார். எனக்கு வயது அறுபத்துமூன்று, அவருக்கு நான் தம்பி! தச்சர் ஒருவர் வேங்கைப் பலகையில் 60 டிகிரிக்குப் பள்ளம் எடுத்துக் கொடுத்தார். சிம்பை அதில் வைத்து இழைப்புளியால் இழைத்தேன். புது நுனி பழையதை விடக் கொஞ்சம் கனம்தான். முறிந்த பழைய நுனியை எறியவில்லை, பையிலேயே இருக்கிறது. நாளைக்கு என்னை விடக் கெட்டிக்காரர் ஒருவருக்கு அளவு எடுக்க அது வேண்டும்.

பட்டு நூல் காஞ்சிபுரம். இதற்கு நான் இங்கிலாந்துக்கு எழுத வேண்டுமா என்ன!

ஒரு விஷயம் மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். ஐப்பசி, கார்த்திகையில் வார்னிஷ் அடித்தால் பால் பூத்த மாதிரி வெளுத்துவிடும். எப்போது அடிப்பது என்று ஹைக்ரோமீட்டர் தேட வேண்டாம். மழை நின்று, பாத்தியில் உப்பு பூக்க ஆரம்பித்தால் காற்று காய்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் மாசி வரை காத்திருந்தேன். மெல்லிய பூச்சு நான்கு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் மூன்று நாள்.

பூண் எளிதாகக் கழல மூக்கின் ஓரத்தில் ஒரு தடவு தடவினால் போதும், அந்த எண்ணெய்ப் பசையே மேல். கேட்க அசிங்கம், வேலை செய்கிறது. கழற்றும்போது திருகாமல் நேராக இழுக்க வேண்டும். கடல் தண்ணீர் பட்டால் நல்ல தண்ணீரில் துடைத்து, உலர்ந்த பிறகே பையில் போட்டு, நிமிர்த்தித் தொங்கவிட வேண்டும்.

மீன் கிடைத்ததா என்று கேட்பீர்கள். முகத்துவாரத்தில் மடவை இரண்டு. கொடுவாவுக்கு இதைக் கொண்டு போக மாட்டேன். அது இந்தக் கிழவனையும் சேர்த்து முறித்துவிடும். கழி பின்வரிசை மேஜையில் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வந்து எடுத்து ஆட்டிப் பாருங்கள். நுனியை மட்டும் கையால் வளைக்காதீர்கள், பெரியவர் கோபித்துக்கொள்வார்.