ராயப்பர் என்ற பேர் எங்கே போச்சு? வேதமும் மரபும், எங்க வீட்டுச் சண்டையும்

(இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம். படிப்பதற்கு வசதியாக லேசாகத் திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் டெக் கிடையாது, லேஆஃப் கிடையாது, ஓ.எம்.ஆர். டிராஃபிக் புலம்பலும் கிடையாது. எங்க வீட்டுச் சண்டை ஒண்ணைச் சொல்லப் போறேன். எட்டு மாசம் நானும் என் சித்தப்பாவும் பேசாம இருந்தோம். காரணம் ஒரு மெழுகுவர்த்தி. அந்த மெழுகுவர்த்திக்குப் பின்னாடி ஐந்நூறு வருஷத்து விவாதம் ஒண்ணு இருக்குன்னு எனக்கு அப்போ தெரியாது.

முதல்ல எங்க ஊர் பேரில இருந்து ஆரம்பிக்கிறேன். ராயபுரம். இந்தப் பேர் ராயப்பர் கோயிலால வந்ததுன்னு எங்க ஏரியாவுல சின்னப் பசங்களும் சொல்லுவாங்க. துறைமுகம் கட்டுறதுக்கு முன்னாடி, கடல்ல நிக்கிற கப்பல்ல இருந்து மசூலாப் படகில சரக்கையும் ஆளையும் கரைக்குக் கொண்டுவந்த படகோட்டிகள், 1820களில் தங்களோட காசில கட்டின கோயில் அது. ராயப்பர்னா யாரு? இயேசுவின் சீடர் பேதுரு. தமிழ்க் கத்தோலிக்கர்கள் பேதுருவை இராயப்பர்னும், பவுலைச் சின்னப்பர்னும், யோவானை அருளப்பர்னும்தான் பல தலைமுறையாச் சொல்லிட்டு வந்தாங்க. இன்னைக்குக் கத்தோலிக்க வீட்டில இருக்கிற பைபிளைத் திறந்து பாருங்க. ராயப்பர் இருக்க மாட்டார், பேதுருதான் இருப்பார். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில அந்தப் பழைய பேரெல்லாம் மாறிடுச்சு. ஆனா பஸ் போர்டில ராயப்பர் இன்னும் இருக்கார். புத்தகத்தில இல்லாத ஒண்ணை ஊர் ஞாபகம் வச்சிருக்கு. மரபுன்னா என்னன்னு கேட்டா நான் இதைத்தான் காட்டுவேன்.

சரி, சண்டைக்கு வர்றேன். போன வருஷம் எங்க ஆயா இறந்துபோனாங்க. அப்பாவோட அம்மா. தினமும் சாயங்காலம் செபமாலை சொல்லாம சாப்பிட மாட்டாங்க. எங்க சித்தப்பா பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி திருவொற்றியூரில ஒரு பெந்தெகொஸ்தே சபைக்குப் போயிட்டார். ஆயாவுக்கு அதில வருத்தம்தான், ஆனா ஞாயித்துக்கிழமை சபை முடிஞ்சு வர்ற மகனுக்கு மீன் குழம்பு எடுத்து வைக்காம இருந்ததில்ல. முப்பதாம் நாள் பூசைக்குச் சித்தப்பா கோயில் வாசல் வரைக்கும் வந்தார், உள்ள வரல. பூசை முடிஞ்சு காசிமேடு கல்லறைக்குப் போனோம். மெழுகுவர்த்தியை நீட்டினேன். அவர் வாங்கல. "செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணச் சொல்லி வேதத்தில எங்கப்பா இருக்கு? அது மனுஷன் உண்டாக்கின பாரம்பரியம்"னார். நான் எல்லார் முன்னாடியும் கத்திட்டேன். பெத்த தாய்க்கு ஒரு திரி ஏத்த முடியாத வேதம் என்ன வேதம்னு கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. அதோட பேச்சு நின்னுபோச்சு.

அப்புறம் எஞ்சினியர் புத்தி வேலை செஞ்சுது. இதை ஆதாரத்தோட முடிச்சு அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பணும்னு படிக்க ஆரம்பிச்சேன். ஜெயிக்கத்தான் படிச்சேன். அதை மறைக்கல.

முதல் ஆதாரம் சீக்கிரமே கிடைச்சது. இரண்டாம் மக்கபேயர், பன்னிரண்டாம் அதிகாரம். போரில செத்த வீரர்களோட பாவத்துக்காக யூதா மக்கபே காசு திரட்டி எருசலேமுக்குப் பலி செலுத்த அனுப்புறார். இறந்தவங்களுக்காக வேண்டுறது நல்ல காரியம்னு அந்தப் பகுதி சொல்லுது. ஆனா ஒரு சிக்கல். சித்தப்பாவோட பைபிள்ல அந்தப் புத்தகமே கிடையாது. கத்தோலிக்க பைபிள்ல 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் பைபிள்ல 66. அதாவது, வேதத்தில இருக்கா இல்லையான்னு நாங்க சண்டை போட்டுக்கிட்டோம், ஆனா எது வேதம்ங்கிறதிலேயே நாங்க ஒத்துப்போகல.

இந்த முடிச்சோட வரலாறு இது. 1521இல் வோர்ம்ஸ் நகரத்தில மார்ட்டின் லூத்தர் பேரரசர் முன்னாடி நின்னு, வேதத்தாலோ தெளிவான நியாயத்தாலோ நிரூபிச்சாத்தான் என் கருத்தை மாத்திப்பேன், போப்பும் சங்கங்களும் சொன்னாங்கங்கிறது போதாதுன்னு சொன்னார். அவர் மரபையெல்லாம் குப்பையில போடல, இதைக் கவனிங்க. குழந்தை ஞானஸ்நானத்தை வச்சுக்கிட்டார், பழைய விசுவாச அறிக்கைகளை வச்சுக்கிட்டார். கடைசித் தீர்ப்பு சொல்ல வேண்டியது வேதம்தான், அதுதான் அவர் வாதம்.

கத்தோலிக்கத் திருச்சபை 1546 ஏப்ரல் 8ஆம் தேதி திரெந்து பொதுச்சங்கத்தில பதில் சொன்னுச்சு. ஒரே நாள்ல ரெண்டு விஷயம்: மக்கபேயர் உட்பட எந்தெந்த நூல் வேதம்ங்கிற பட்டியல், அப்புறம் எழுதப்பட்ட நூல்களையும் எழுதப்படாத அப்போஸ்தல மரபுகளையும் ஒரே மதிப்போட ஏத்துக்கிறோம்ங்கிற அறிவிப்பு. இதோட டிராஃப்டில, உண்மை 'பாதி' நூல்களிலும் 'பாதி' மரபுகளிலும் இருக்குங்கிற மாதிரி வாசகம் இருந்திருக்கு. சிலர் எதிர்த்தாங்க. ஃபைனல் வெர்ஷன்ல அதை எடுத்துட்டு வெறும் 'உம்' போட்டாங்க: நூல்களிலும் மரபுகளிலும். கோட் ரிவ்யூல ஒரே ஒரு சொல் மாறின மாதிரி. ஆனா அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்னு நாலு நூற்றாண்டு கழிச்சும் அறிஞர்கள் வாதாடினாங்க.

இது ஐரோப்பாக்காரங்க சண்டை, நமக்கென்னன்னு நினைச்சேன். இல்ல. இதே சண்டை தமிழில நடந்திருக்கு. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க், 1714-15இல் தமிழில புதிய ஏற்பாட்டை அச்சடிச்சார். லூத்தரன் ஆச்சே, முதல்ல மக்கள் கையில புத்தகம் இருக்கணும். அந்தப் பக்கம் வீரமாமுனிவர், இயேசு சபைக்காரர். 1728இல் 'வேத விளக்கம்' எழுதி தரங்கம்பாடிக்காரங்களுக்கு மறுப்புச் சொன்னார், அவங்க தமிழ் நடையையும் ஒரு பிடி பிடிச்சார். அவங்க 'திருச்சபை பேதகம்'னு எழுதினாங்க. இவர் 'பேதகம் மறுத்தல்'னு திருப்பி எழுதினார். சித்தப்பாவுக்கு நான் டைப் பண்ணிட்டு இருந்த வாட்ஸ்அப் மெசேஜ் கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் லேட்!

வீரமாமுனிவரையே எடுத்துக்கோங்க. அவரோட தேம்பாவணிக்குத் தலைவன் சூசையப்பர். நற்செய்தி நூல்கள்ல சூசையப்பர் ஒரு வார்த்தைகூடப் பேசுறதில்ல. அவரைப் பத்தி 3615 பாட்டு! எழுத்து மௌனமா விட்ட இடத்தில மரபு எவ்வளவு பேசுதுன்னு பாருங்க. நம்ம சென்னையையே பாருங்க. தோமா இங்க வந்தார், பரங்கிமலையில உயிர்விட்டார்ங்கிறது பைபிள்ல கிடையாது. சாந்தோம் நிக்கிறது மரபு மேல.

சரி, என் 'பிரம்மாஸ்திரத்துக்கு' வர்றேன். புதிய ஏற்பாட்டில 27 நூல்னு யார் முடிவு பண்ணினது? எந்த நூலுக்குள்ளயும் அந்தப் பட்டியல் இல்ல. இன்னைக்கு இருக்கிற அதே 27 நூல்களைப் பட்டியல் போட்டதா நமக்குக் கிடைக்கிற முதல் ஆவணம், அலெக்சாந்திரியா ஆயர் அத்தனாசியுஸ் 367இல் எழுதின ஒரு கடிதம். ஆக, பைபிளுக்குப் பொருளடக்கம் கொடுத்ததே திருச்சபை மரபுதானே சித்தப்பா? இதை டைப் பண்ணி, சென்ட் அமுக்கப் போறேன், அதே கடிதத்தில பழைய ஏற்பாட்டுப் பட்டியலையும் பார்த்துடலாமேன்னு பார்த்தேன்.

மக்கபேயர் அதில இல்ல.

393இல் ஹிப்போவிலும் 397இல் கார்த்தேஜிலும் கூடின சங்கங்களோட பட்டியல்ல இருக்கு. அத்தனாசியுஸ்கிட்ட இல்ல. மரபுன்னு நான் தூக்கின கல் என் கால்லயே விழுந்துச்சு. மரபும் ஒரே குரல்ல பேசலன்னு அன்னைக்குத்தான் புரிஞ்சது. மெசேஜை அழிச்சேன்.

இதுக்கு அப்புறம்தான் ஒழுங்காப் படிச்சேன். எனக்கு ரொம்பப் பிடிச்ச கண்டுபிடிப்பைச் சொல்றேன். சித்தப்பா பைபிளை எடுங்க. மாற்கு ஏழாம் அதிகாரத்தில, கை கழுவுற சடங்கை வச்சு இயேசு பரிசேயர்களைக் கண்டிக்கிறார். அங்க இருக்கிற சொல் 'பாரம்பரியம்'. கெட்ட அர்த்தத்தில. இரண்டாம் தெசலோனிக்கேயர் இரண்டாம் அதிகாரம், பதினஞ்சாம் வசனத்துக்கு வாங்க. வாயாலயும் கடிதத்தாலயும் நாங்க கத்துக்கொடுத்ததை விடாமப் பிடிச்சுக்கோங்கன்னு பவுல் சொல்றார். அங்க இருக்கிற சொல் 'முறைமைகள்'. நல்ல அர்த்தத்தில. கிரேக்க மூலத்தில ரெண்டும் ஒரே சொல்: பாரடோசிஸ். கையளிக்கிறது, ஒருத்தர் கையில இருந்து இன்னொருத்தர் கைக்குக் கொடுக்கிறது. தமிழில கெட்டது ஒரு பேரிலயும் நல்லது வேற பேரிலயும் இருந்தா, படிக்கிறவருக்குப் பாரம்பரியம்னாலே தப்புன்னுதான் தோணும். சித்தப்பா மேல எனக்கு இருந்த கோபத்தில பாதி அங்க போச்சு.

இன்னொண்ணு. வேதம் மட்டும் போதும்னு சொல்றவங்களுக்கும் ஒரு மரபு இருக்கு. அவங்க கையில இருக்கிறது ஹென்றி பவர் தலைமையில உருவாகி 1871இல் வந்த ஐக்கிய மொழிபெயர்ப்பு. அதுக்கு அடித்தளம் ஃபப்ரிஷியஸ், நம்ம வேப்பேரியில உக்காந்து 1772இல் புதிய ஏற்பாட்டை அச்சடிச்ச ஜெர்மன்காரர். 1950களில் மொனகன் ஒரு திருத்திய மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார். சனங்க எடுத்துக்கல. ஏன்? அம்மா மடியில கேட்ட வசனத்தோட ஓசை அதில இல்ல. வேற காரணம் சொல்ல முடியுமா?

இப்ப எங்க பக்கம். இது வலிக்கும். மரபுங்கிற பேரில நாம எதையெல்லாம் காப்பாத்தியிருக்கோம்? திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில தலித் கிறிஸ்தவர்களைப் பிரிச்சு ஒரு சுவர் இருந்தது ஊரறிஞ்ச விஷயம். புராட்டஸ்டன்ட் பக்கமும் சுத்தமில்ல. 1833இல் பிஷப் டேனியல் வில்சன், சபைக்குள்ள சாதி வித்தியாசம் இருக்கக் கூடாதுன்னு எழுதினப்போ, தஞ்சாவூரிலயும் சென்னையிலயும் எதிர்ப்புக் கிளம்புச்சு. எங்க வழக்கத்தில கை வைக்காதீங்கன்னாங்க. இந்த மாதிரி நேரத்தில சித்தப்பா கேட்ட கேள்வியைத்தான் கேட்டாகணும்: இது வேதத்தில எங்கப்பா இருக்கு? அந்தக் கேள்வியைக் கேக்க ஆள் இல்லாத திருச்சபையில, பழக்கமே கடவுளாயிடும்.

அதனாலதான் 1963இல் மான்ட்ரியலில கூடின பல சபைகளோட இறையியலாளர்கள் பிரிச்சுச் சொன்னாங்க: தலைமுறை தலைமுறையாக் கையளிக்கப்படுற நற்செய்தி ஒண்ணு, அந்தந்தச் சபையோட மரபுகள் வேற. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வேதமும் மரபும் ஒரே ஊற்றில இருந்து வருது, ரெண்டும் சேர்ந்து ஒரே கருவூலம், திருச்சபையோட ஆசிரியம் இறைவார்த்தைக்கு மேல இல்ல, அதுக்கு ஊழியம் பண்ணுதுன்னு சொன்னுச்சு. அதோட சண்டை தீர்ந்துபோச்சா? தீரல. அர்த்தம் சொல்றதில கடைசி வார்த்தை யாருக்குங்கிற கேள்வி இன்னும் அப்படியேதான் இருக்கு. ஆனா நான் முதல்ல சொன்ன 1995 மொழிபெயர்ப்பு, ரெண்டு தரப்பும் ஒண்ணா உக்காந்து பண்ணினது. மக்கபேயர் அதில 'இணைத் திருமுறை'ங்கிற தலைப்பில, நடுவில இருக்கு. அதுக்காக நாம ராயப்பர்ங்கிற பேரை விட்டுக்கொடுத்தோம். அந்தப் பேர் போனதில எனக்கு இன்னும் வருத்தம் உண்டு. ஆனா ஏன் போச்சுன்னு இப்ப தெரியும்.

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். அதுக்கு முந்தின நாள் சித்தப்பாவுக்குப் போன் பண்ணினேன். அன்னைக்கு உங்களை அப்படிக் கேட்டது தப்பு சித்தப்பா, மன்னிச்சிடுங்கன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. "சாப்டியா?"ன்னு கேட்டார். மறுநாள் காலையில ஆறு மணிக்கெல்லாம் காசிமேட்டில இருந்தார், கூட்டம் வர்றதுக்கு முன்னாடியே. கையில ஒரு வாளி, பிரஷ், சுண்ணாம்பு. ஆயா கல்லறையில முளைச்ச புல்லைப் பிடுங்கி, கழுவி, வெள்ளை அடிச்சார். ஃபாதர் மந்திரிக்க வந்தப்போ ரெண்டு வரிசை தள்ளிப் போய் நின்னுக்கிட்டார். மெழுகுவர்த்தி ஏத்தல. நானும் நீட்டல.

காத்து பலமா அடிச்சுது, எங்க மெழுகுவர்த்தி அணைஞ்சு அணைஞ்சு போச்சு. திரும்பிப் பார்த்தா, சித்தப்பா தன் வாளியைக் கொண்டுவந்து காத்துக்கு மறைப்பா வச்சிட்டு, மறுபடியும் பழைய இடத்துக்கே போய் நின்னார்.

வேதத்தில இது எங்க இருக்குன்னு நான் கேக்கல. உங்க வீட்டிலயும் இந்த மாதிரி ஒரு மெழுகுவர்த்திச் சண்டை இருந்தா, எந்த மதமா இருந்தாலும் சரி, எழுதி அனுப்புங்க. அடுத்த வாரம் பார்க்கலாம் மக்களே. அதுவரைக்கும், யாருக்காவது போன் பண்ண வேண்டியது இருந்தா பண்ணிடுங்க.