வெயிலும் வேலையும்



நாம் வாழும் இவ்வகமதாபாத் நகரம், 2010 மே மாதத்தில் 46.8 பாகை செல்சியஸ் வெம்மையில் வாடிப் பல உயிர்களை இழந்தது. அத்துயரின் பின்னரே 2013இல் மாநகராட்சி வெப்பச் செயல் திட்டம் வகுத்தது. எனினும், தொழிற்கூடத்தின் காவல், வேலை வாங்கும் நம்மிடமே உள்ளது.

வெப்பத்தால் வீழ்வோருள் பலர் வேலைக்குப் புதியோர். தென்னாட்டு வெயில் கண்டவனாயினும், வெம்மையில் உழைக்க உடல் பழகுவதற்கு ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும். ஆதலின், நம்மை நம்பி வரும் இளைஞனுக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு வேலையே தருக. நாடோறும் அவ்வளவே கூட்டுக. இருபது நிமிடத்திற்கொரு குவளை நீரும், நிழலில் ஓய்வும் அளித்தல் சலுகையன்று, கடமை. பேச்சுக் குழறி அவன் மயங்கினால், உடலை நீரால் நனைத்து, விசிறியவாறே மருத்துவமனைக்கு விரைக.

நின்ற வேலையை நாளை முடிக்கலாம். சென்ற உயிர் மீளாது.